வரி பாக்கியை வாங்கி வட்டி பார்ப்பது: ஃபுளோரிடா டாக்ஸ் சர்டிஃபிகேட், புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம்மூரில் நிலம் வாங்கும் எவரும் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் சொத்து வரி கட்டாமல் விட்டால் அந்த பாக்கியே நிலத்தின்மேல் ஏறி உட்காரும் வில்லங்கம். இதைத்தான் டாக்ஸ் லியன் என்கிறார்கள். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் அடமானத்துக்கும் முன்வரிசையில் நிற்பது இது. சொத்து விலைபோனால் வரி பாக்கி போகத்தான் வங்கிக்கு.

கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்துக்குப் பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை எல்லாவற்றுக்கும் இந்த வரிப் பணம்தான். கட்டாதவரின் பின்னால் வருடக்கணக்கில் அலைய அதற்கு நேரமில்லை. அதனால் சில மாநிலங்கள் அந்த பாக்கியை ஏலத்தில் விட்டு, வாங்குபவரிடம் உடனே பணத்தைப் பெற்றுக்கொள்கின்றன. பாக்கியை வாங்கியதற்குக் கிடைக்கும் சான்றுதான் டாக்ஸ் சர்டிஃபிகேட். உரிமையாளர் பின்னால் கட்டும்போது அசலும் வட்டியும் வாங்கியவருக்குப் போகும். எல்லா மாநிலங்களிலும் இந்த முறை கிடையாது. கலிபோர்னியாவும் மிச்சிகனும் பாக்கியை விற்பதில்லை, கெடு முடிந்தபின் சொத்தையே விற்கின்றன.

இங்கே ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்கிறோம். 67 கவுண்டிகளுக்கும் ஒரே சட்டம், மாநிலச் சட்டத் தொகுப்பின் 197ஆம் அத்தியாயம். ஏலம் பெரும்பாலும் இணையத்திலேயே நடக்கிறது. ஏலத்துக்கு வரும் சொத்துகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள வசதியான இடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டாக்ஸ் சர்டிஃபிகேட் வாங்கினால் வீடு கிடைக்காது. ஒருவருடைய பாக்கிக்கு நீங்கள் கடன் கொடுத்தவர் ஆகிறீர்கள், அவ்வளவுதான். 'சில நூறு டாலருக்கு வீடு' என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துபவர்கள் இந்த இடத்தில்தான் ஆளைக் குழப்புகிறார்கள். அவர்கள் சொல்லித்தரும் சட்டமும் பட்டியலும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன.

பாக்கி ஏலத்துக்கு வரும் வழி

2024ஆம் ஆண்டு வரியை எடுத்துக்கொள்வோம். ரசீது 2024 நவம்பரில் வரும். நவம்பரில் கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி, டிசம்பரில் 3, ஜனவரியில் 2, பிப்ரவரியில் 1. மார்ச்சில் முழுத்தொகை. 2025 ஏப்ரல் 1 ஆகிவிட்டால் அது பாக்கிக் கணக்கு. பட்டியலைத் தொடர்ந்து மூன்று வாரம் விளம்பரப்படுத்துவார்கள். ஜூன் 1 அன்றோ அதற்கு முன்போ ஏலம்.

ஏலத்துக்கு வரும் தொகையில் வரி மட்டும் இருக்காது. 1,840 டாலர் வரி பாக்கி என்றால், அதன்மேல் 3 சதவீத வட்டி, விளம்பரச் செலவு, டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்தின் 5 சதவீதக் கமிஷன் எல்லாம் ஏறி ஏறக்குறைய 2,000 டாலரில் நிற்கும். இதுதான் சர்டிஃபிகேட்டின் முகமதிப்பு. இந்தத் தொகை ஏலத்தில் மாறாது. மாறுவது வட்டி மட்டும்.

ஏலம் மேலே ஏறாது, கீழே இறங்கும். ஆண்டுக்கு 18 சதவீதத்தில் தொடங்கி, கால் கால் சதவீதமாகக் குறையும். நம் கணக்கில் சொன்னால் ஒன்றரை வட்டியில் ஆரம்பம். மிகக் குறைந்த வட்டிக்கு ஒத்துக்கொள்பவருக்குச் சர்டிஃபிகேட். வட்டி தனிவட்டி, மாதக் கணக்கில் சேரும்.

5 சதவீத விதி: லாபமும் பொறியும் இங்கேதான்

முதல் முறை ஏலத்தின் முடிவைப் பார்ப்பவர்கள் திகைப்பது ஒரு விஷயத்தில். நல்ல வீடுகளின் சர்டிஃபிகேட் பெரும்பாலும் 0.25 சதவீதத்துக்குப் போயிருக்கும். வங்கிச் சேமிப்புக் கணக்கே அதைவிட அதிகம் தருமே, யார் இந்த ஏமாளி என்று தோன்றும். ஏமாளி இல்லை. உரிமையாளர் பாக்கியைக் கட்டி மீட்கும்போது சேர்ந்த வட்டி முகமதிப்பில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அவர் 5 சதவீதமாவது கட்டியே தீரவேண்டும் என்கிறது சட்டம். ஒரே விலக்கு, பூஜ்ய சதவீதத்துக்குக் கேட்டு எடுத்த சர்டிஃபிகேட். அதற்கு ஒரு காசும் வட்டி இல்லை. கட்டத்தில் 0.25 என்று போடவேண்டிய இடத்தில் 0 விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

2,000 டாலர் சர்டிஃபிகேட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

0.25 சதவீதத்துக்கு எடுத்தது ஆகஸ்ட்டில் மீட்கப்பட்டால் உங்களுக்கு 100 டாலர். இரண்டு மூன்று மாதத்தில் 5 சதவீதம் என்றால் அருமையான வரும்படி. அதே சர்டிஃபிகேட் இரண்டு வருடம் கிடந்து மீட்கப்பட்டாலும் அதே 100 டாலர்தான். ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்.

9 சதவீதத்துக்கு எடுத்தது என்றால் மாதம் முக்கால் சதவீதம், அதாவது 15 டாலர். முதல் ஆறு மாதம் வரை 5 சதவீத விதிதான் காப்பாற்றும், ஏழாவது மாதம் 105 டாலராகி அதைத் தாண்டும். 24 மாதத்தில் 360 டாலர்.

ஆக, கால் சதவீதக்காரர் சீக்கிரம் மீட்கப்படும் என்று பந்தயம் கட்டுகிறார். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் இப்படி எடுப்பதால் ஒன்றிரண்டு வருடக்கணக்கில் தூங்கினாலும் சராசரியில் சரிக்கட்டிவிடும். பத்து சர்டிஃபிகேட் வைத்திருக்கும் புதியவருக்கு இரண்டு தூங்கினாலே மொத்த வரும்படியும் படுத்துவிடும். எங்கள் கருத்து: தொடக்கத்தில் கால் சதவீதப் போட்டிக்குள் இறங்க வேண்டாம். 4 முதல் 8 சதவீதத்துக்குள் உங்கள் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு, கிடைத்தது போதும் என்று நில்லுங்கள். பெரும்பாலான சர்டிஃபிகேட் கைநழுவும். நழுவட்டும்.

எதை எடுப்பது

ஒரு கவுண்டியில் மூன்று அலுவலகங்களின் இணையதளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்ஸ் கலெக்டர் பாக்கியையும் சர்டிஃபிகேட்டையும் பார்ப்பவர். பிராப்பர்ட்டி அப்ரைசர் சொத்தின் மதிப்பு, அளவு, படம், வரைபடம் எல்லாம் வைத்திருப்பவர். கிளார்க் ஆஃப் கோர்ட் பத்திரப் பதிவுகளையும், பாக்கிக்காகச் சொத்தையே விற்கும் டாக்ஸ் டீட் ஏலத்தையும் கவனிப்பவர். மூன்றையும் இணைப்பது பார்சல் எண். நம்மூர் சர்வே எண் மாதிரி. முகவரியை நம்பாதீர்கள், காலி மனைக்கு முகவரியே இருக்காது. எண்ணை வைத்தே தேடுங்கள்.

பட்டியலை மே மாத ஆரம்பத்தில் இறக்கி வைத்துக்கொண்டு உழைத்தால் பாதி உழைப்பு வீண். ஏலம் நெருங்க நெருங்க உரிமையாளர்கள் கட்டிவிடுவார்கள், பட்டியல் நாளுக்கு நாள் சுருங்கும். முதலில் வடிகட்டுங்கள், கடைசி வாரத்தில் ஆழமாகப் பாருங்கள்.

வடிகட்ட எளிய வழி நிலப் பயன்பாட்டுக் குறியீடு. 01 தனி வீடு, 04 காண்டோமினியம், அதாவது அடுக்கக வீடு. இவை இரண்டும் புதியவருக்குப் போதும். 94 என்றால் சாலை, வாய்க்கால். 95 என்றால் ஆறு, ஏரி, நீரில் மூழ்கிய நிலம். 96 என்றால் சதுப்பு, கழிவு நிலம், மழைநீர்க் குட்டை. பட்டியலில் இவையும் மற்ற சொத்துகளோடு ஒரே வரிசையில்தான் நிற்கும், ஆனால் இந்த நிலத்தை மீட்க எந்த உரிமையாளரும் வரமாட்டார். 26 பெட்ரோல் பங்க். அதன் தொட்டி கசிந்து மண் கெட்டுப்போயிருந்தால் சுத்தம் செய்யும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டும். தொடவே வேண்டாம்.

குறியீடு சரியாக இருந்தாலும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு மனைகளுக்கு நடுவே அளவைக் கோளாறில் மிஞ்சிப்போன நாலடி அகல நீளத்துண்டுக்கும் தனிப் பார்சல் எண் இருக்கும், அதற்கும் வரி வரும், அதுவும் ஏலத்துக்கு வரும். வான்படத்தில் வீடு தெரிந்தால் அது பக்கத்து மனையின் வீடா என்று எல்லைக்கோட்டை வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது விகிதம். 2,000 டாலர் பாக்கி உள்ள சொத்தின் மதிப்பு 2 லட்சம் டாலர் என்றால் பாக்கி 1 சதவீதம். இப்படிப்பட்ட சொத்தை யாரும் கைவிடமாட்டார்கள். 6,000 டாலர் மதிப்புள்ள காலி மனையில் 1,500 டாலர் பாக்கி என்றால் அவர் விட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஒதுக்கிவிடுவது எங்கள் பழக்கம்.

பதிவுகளில் வங்கி அடமானம் இருந்தால் பயப்படத் தேவையில்லை, அது நல்ல அறிகுறி. வரி பாக்கி வங்கியின் முன்னால் நிற்பதால், உரிமையாளர் கட்டாவிட்டாலும் தன் கடனைக் காப்பாற்றிக்கொள்ள வங்கி வந்து கட்டிவிடும்.

உரிமையாளர் திவால் மனு போட்டிருக்கிறாரா என்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் பார்க்கலாம், பக்கத்துக்கு 10 சென்ட். திவால் வழக்கு வந்தால் வசூல் நடவடிக்கை எல்லாம் அப்படியே நிற்கும். 13ஆம் அத்தியாயத் திவால் என்றால் பாக்கியை 5 ஆண்டுவரை தவணையில் கட்ட வழியுண்டு. பணம் போய்விடாது, முடங்கும்.

பதிவும் ஏலமும்

கவுண்டி பயன்படுத்தும் ஏலத் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். பல கவுண்டிகள் லியன்ஹப் என்ற தளத்தைப் பயன்படுத்துகின்றன. உங்கள் வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம் கேட்கும். அமெரிக்க வரிச் சட்டப்படி ரெசிடென்ட்டாகக் கணக்குத் தாக்கல் செய்பவர் இதைக் கொடுக்கலாம். இந்தியாவில் இருந்தபடி முதலீடு செய்ய நினைப்பவருக்கு டபிள்யூ-8பென் என்ற வேறு படிவம், அதோடு வட்டியில் முன்கூட்டியே வரிப் பிடித்தம். அந்தக் கவுண்டி அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் மற்றது. ரிசர்வ் வங்கியின் ஆண்டு வரம்பான 2.5 லட்சம் டாலருக்குள் அனுப்புவது தனி வேலை.

வழக்கமாக, செலவழிக்க நினைக்கும் தொகையில் 10 சதவீதம் டெபாசிட் கட்டவேண்டும். 500 டாலர் கட்டினால் 5,000 டாலர்வரை எடுக்கலாம்.

நீங்கள் போடும் எண் 'இதற்குக் கீழே எனக்கு வேண்டாம்' என்ற அடிமட்ட வட்டி. நீங்கள் 6 போட்டு, அடுத்தவர் 8.5 போட்டு, வேறு யாரும் இல்லையென்றால், உங்களுக்கு 8.25க்குக் கிடைக்கும். ஆகவே உண்மையில் எவ்வளவுக்குச் சம்மதமோ அதையே போடுங்கள், சாமர்த்தியம் காட்டத் தேவையில்லை. இரண்டு பேர் ஒரே எண்ணில் நின்றால் கணினி குலுக்கல். பெரிய நிறுவனங்கள் பல துணைப் பெயர்களில் பதிந்து கால் சதவீதக் குலுக்கலில் நிற்பது இதனால்தான், சீட்டு அதிகம் என்றால் விழும் வாய்ப்பும் அதிகம்.

தளத்தில் பட்ஜெட் என்ற கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் 200 சொத்துக்கு ஏலம் போட்டு வைத்தால், எல்லாம் விழுந்து கையில் இல்லாத பணத்துக்குப் பொறுப்பாகி நிற்க நேரிடும். வென்றபின் அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் மீதிப் பணம் போகவேண்டும். தவறினால் டெபாசிட் பறிபோகும். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

ஏலத்தில் யாரும் எடுக்காத சர்டிஃபிகேட் 18 சதவீத வட்டியில் கவுண்டியின் பெயருக்கே போகும். அவற்றைப் பிறகு கவுண்டியிடமிருந்து வாங்கலாம். 18 சதவீதம், போட்டியே இல்லை! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்கு ஒவ்வொரு பல்லையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எத்தனையோ நிறுவனங்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டதுதான் அங்கே மிஞ்சிக் கிடக்கிறது.

வாங்கியபின்

முதல் வேலை, சும்மா இருப்பது. உரிமையாளரைத் தொடர்புகொண்டு 'பாக்கியைக் கட்டுங்கள்' என்று கேட்டால், டாக்ஸ் கலெக்டர் உங்களை ஏலத்தில் கலந்துகொள்ளவிடாமல் தடுக்கலாம். சர்டிஃபிகேட் வெளியான ஆண்டின் ஏப்ரல் 1 முதல் இரண்டு ஆண்டு வரை ஆள் மூலமாகக்கூடக் கேட்கக் கூடாது. அவர் டாக்ஸ் கலெக்டரிடம் கட்டுவார், அங்கிருந்து உங்கள் கணக்குக்கு வரும். ஆண்டு முடிவில் வட்டிக்கு 1099-இன்ட் படிவம் வரும், சாதாரண வருமானமாக வரி கட்டவேண்டும்.

சர்டிஃபிகேட் தவறாக வெளியாகியிருந்தால், உதாரணமாக வரி விலக்குள்ள சொத்துக்கு வந்திருந்தால், ரத்தாகும். அசல் திரும்ப வரும். வட்டி 8 சதவீதம் அல்லது நீங்கள் கேட்ட வட்டி, இரண்டில் எது குறைவோ அது.

புதியவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் அடுத்த வருட வரி. அரிசோனாவில் லியன் வைத்திருப்பவரே அடுத்த வருட பாக்கியையும் கட்டி அதன்மேல் சேர்த்துக்கொள்ளலாம். ஃபுளோரிடாவில் அது தனி சர்டிஃபிகேட்டாகத் தனி ஏலத்துக்கு வரும், வேறு யாரோ எடுப்பார். ஒரே சொத்தின்மேல் மூன்று பேர் மூன்று வருட பாக்கியை வைத்துக்கொண்டு நிற்பது சர்வசாதாரணம்.

இரண்டு ஆண்டாகியும் மீட்கவில்லை என்றால்

2025 ஏலத்தில் வாங்கியது என்றால் 2027 ஏப்ரல் 1 முதல் டாக்ஸ் டீட் விண்ணப்பம் போடலாம். போடவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் வெளியான நாளிலிருந்து 7 ஆண்டில் சர்டிஃபிகேட் காலாவதியாகும். அதற்குள் மீட்கப்படாமல், விண்ணப்பமும் போடாமல் விட்டால் அசலே போய்விடும். வாங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

விண்ணப்பம் போடப் பணம் வேண்டும். மற்றவர்கள் கையில் உள்ள சர்டிஃபிகேட்களை வட்டியோடு நீங்கள் மீட்கவேண்டும், பாக்கியுள்ள மற்ற வரிகளைக் கட்டவேண்டும், 75 டாலர் விண்ணப்பக் கட்டணம், பத்திர ஆய்வு, அறிவிப்புத் தபால், விளம்பரம் என்று கிளார்க் அலுவலகச் செலவுகள். 2,000 டாலர் போட்டவர் இன்னும் 5,000 எடுத்துவைக்க நேரலாம். ஆகவே முதலீட்டுக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் ஏலத்திலேயே போட்டுவிடாதீர்கள்.

போட்டதற்குப் பலன் உண்டு. விண்ணப்பத் தொகைக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி ஓடத் தொடங்கும். கால் சதவீதத்துக்கு எடுத்த சர்டிஃபிகேட்டும், மற்றவர்களிடமிருந்து மீட்டதும், எல்லாம் சேர்ந்து ஒன்றரை வட்டிக்கு ஏறிவிடும். 7,000 டாலர் என்றால் மாதம் 105 டாலர். கிளார்க்கின் அறிவிப்பு உரிமையாளருக்கும் வங்கிக்கும் போய்ச்சேர்ந்ததும் பல சொத்துகள் இந்தக் கட்டத்திலேயே மீட்கப்படும்.

மீட்கப்படாவிட்டால் சொத்து பொது ஏலத்துக்குப் போகும். தொடக்க விலை உங்கள் மொத்தத் தொகை. உரிமையாளர் குடியிருக்கும் வீடாக, ஹோம்ஸ்டெட் சலுகை பெற்றதாக இருந்தால், மதிப்பீட்டில் பாதியும் தொடக்க விலையில் சேரும். யாராவது அதிகம் கேட்டால் அவருக்கு வீடு, உங்களுக்குப் பணமும் வட்டியும். மிச்சம் மற்ற கடன்காரர்களுக்கும் பிறகு பழைய உரிமையாளருக்கும். வேறு யாருமே கேட்காவிட்டால்தான் சொத்து உங்கள் தலையில்.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நல்ல வீடு என்றால் பொது ஏலத்தில் பத்துப் பேர் கேட்பார்கள். கேட்பாரற்று உங்களிடம் வந்து சேர்வது பத்துப் பேரும் வேண்டாம் என்ற நிலம்.

அப்படி வந்தாலும் சுத்தமாக வராது. வங்கி அடமானம் அழிந்துவிடும். ஆனால் நகராட்சி, கவுண்டி போட்ட லியன்கள் ஏலப் பணத்தில் தீராவிட்டால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். புல் வெட்டாதது, கூரை இடிந்து கிடப்பது போன்றவற்றுக்கான விதிமீறல் அபராதம் முதல் தடவைக்கே நாளொன்றுக்கு 250 டாலர்வரை போகலாம். ஒரு வருடம் கவனிக்காமல் கிடந்தால் 91,250 டாலர். விண்ணப்பம் போடுமுன் நகராட்சி அலுவலகத்தில் இதைக் கேட்காதவர், வீட்டை விடப் பெரிய கடனை வாங்கிக்கொள்கிறார். கூட்டாட்சி வருமான வரித்துறையின் லியன் இருந்தால், ஏலத்துக்குப்பின் 120 நாளுக்குள் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. அதுவரை செப்பனிடச் செலவு செய்யாதீர்கள். நல்ல விலைக்கு விற்கவேண்டும் என்றால் உரிமையைத் தெளிவாக்கும் வழக்கு ஒன்றும் பெரும்பாலும் போடவேண்டியிருக்கும், அதற்கு வக்கீல் செலவு.

மற்ற மாநிலங்கள், சுருக்கமாக

அரிசோனாவில் ஏலம் பிப்ரவரியில், 16 சதவீதத்தில் தொடங்கி இறங்கும். சொத்தைப் பிடிக்க மூன்று ஆண்டு கழித்து நீதிமன்றம் போகவேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு நகராட்சியும் தனியாக ஏலம் நடத்தும். 18 சதவீதத்திலிருந்து பூஜ்யம்வரை இறங்கி, அதற்கும்மேல் 'நான் இவ்வளவு கூடுதல் பணம் தருகிறேன்' என்று ஏறும். புதியவர் தொடங்க ஏற்ற இடமல்ல. அங்கே 1998 முதல் 2009 வரை ஏலக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு வட்டியை உயர்த்தியதற்குக் கூட்டாட்சி நீதித்துறை வழக்குப் போட்டுப் பலர் குற்றவாளிகள் ஆனார்கள். பக்கத்தில் இருப்பவர் 'நீ இதை விடு, நான் அதை விடுகிறேன்' என்று சொன்னால் எழுந்து போய்விடுங்கள்.

சட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மினியாபொலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற, தீர்ப்பின்போது 94 வயதான மூதாட்டியின் அடுக்கக வீட்டை, வட்டி அபராதத்தோடு 15,000 டாலர் ஆகிவிட்ட பாக்கிக்காக ஹென்னபின் கவுண்டி எடுத்து, 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் நியூ ஜெர்சி 2024இல் தன் சட்டத்தைத் திருத்தியது. பழைய புத்தகத்தையோ பழைய வகுப்புக் குறிப்பையோ வைத்துக்கொண்டு எந்த மாநிலத்திலும் இறங்காதீர்கள். அந்த ஆண்டுச் சட்டத்தை மாநிலத்தின் தளத்திலேயே படியுங்கள்.

முதல் ஆண்டுக்கு ஒரு திட்டம்: ஒரே கவுண்டி, 3,000 டாலர் பட்ஜெட், கையிருப்பில் தொடாத இன்னொரு 5,000. தனி வீடும் காண்டோமினியமும் மட்டும், ஒவ்வொன்றும் 1,000 டாலருக்குள். 40 சொத்துக்கு ஏலம் போட்டால் மூன்று விழலாம், ஒன்றும் விழாமலும் போகலாம். டெபாசிட் திரும்பி வரும். அடுத்த ஏப்ரலில் அந்த 40 சொத்தும் மீட்கப்பட்டதா, எந்த மாதம், என்ன வட்டியில் போனது என்று டாக்ஸ் கலெக்டர் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடி எழுதிவையுங்கள். இரண்டாம் வருடம் எந்த வட்டிக்குக் கேட்பது என்பதை அந்தத் தாள் சொல்லும்.